ஈசானிய மூலைத் தூண்

லாத்தூரில் பூகம்பம் வந்த அன்று ஆவடியில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை. ஆனாலும் டி.வி. செய்தியைப் பார்த்து ஆட்டம் கண்டுபோனவர் ஒருவர் உண்டென்றால், அது ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஜம்புலிங்கம்தான். அங்கே ஊர் ஊராக மண்ணுக்குள் போன ஜனங்களுக்காக அவர் வருத்தப்படாமல் இல்லை. ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்தார். மறுவேளை தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, பூந்தமல்லி பக்கம் நூம்பலில் தான் பணம் கட்டியிருக்கும் ஃபிளாட் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வாழ்நாள் சேமிப்பை வழித்தெடுத்து, நூம்பலில் ராஜசேகரன் என்கிற புரமோட்டர் கட்டவிருந்த கட்டடத்தில், முதல் மாடியில், வடகிழக்கு மூலை வீட்டுக்குக் கொடுத்திருந்தார். மகன் சம்பத் மருந்து கம்பெனி ரெப். மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றுகிறவன். மனைவி நாகம்மாள், மருமகள் சுசீலா, சுசீலாவின் கைக்குழந்தை என்று அத்தனை பேரும் இனி தூங்கி எழப்போவது அந்த வீட்டில்தான். வேறு போக்கிடம் கிடையாது. போதாததற்கு, அவர் பேச்சைக் கேட்டுத் தொழிற்சாலை ஆட்கள் பலரும் அதே கட்டடத்தில் பணம் போட்டிருந்தார்கள்.

தொழிற்சாலையில் ஜம்புலிங்கம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ஓர் உருப்படியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுவிடுவார். ரிஜெக்ட் என்று அர்த்தம். தான் குறி போட்ட உருப்படியைப் பெரிய அதிகாரியே வந்து கெஞ்சினாலும் வெளியே விட்டதில்லை என்பது அவர் தினமும் சாப்பாட்டோடு பரிமாறும் பெருமை. பழக்கதோஷம் வீட்டுக்கும் வந்துவிட்டது. விரிசல் விட்ட வாளி, கைப்பிடி ஆடும் குக்கர், கால் ஆடும் முக்காலி எல்லாவற்றிலும் சிவப்புக் குறி. குறி விழுந்ததை நாகம்மாள் எடுத்துப் புழங்கிவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

அப்பேர்ப்பட்டவர் ராஜசேகரனைக் கூப்பிட்டு, “கட்டடத்துக்கு பூகம்ப டெஸ்ட் பண்ணிக் காட்டணும்” என்றார்.

ராஜசேகரன் நூம்பலின் பழைய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா நெல் விதைத்த நிலத்தில் கம்பி நட்டுக்கொண்டிருந்தான். “இன்னா சார், கட்டி முட்ச்ச அப்பால புட்ச்சி ஆட்டிப் பாக்கச் சொல்றியா?” என்று கேட்டான்.

“கம்ப்யூட்டர்ல ஆட்டணும். அதுக்குன்னு சாஃப்ட்வேர் கீது. எம் மருமவ வேல செய்ற ஆபீஸ்லயே கீது.”

சுசீலா கட்டட இன்ஜினீயர். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஹார்டுவேர் கடை மாடியில், சண்முகசுந்தரம் என்கிற கன்சல்டன்ட்டின் ஆபீஸில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது இருந்த அறைக்கு மட்டும் ஏ.சி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் கற்பூரம் காட்டுகிறவர் சண்முகசுந்தரமே. ஆனால் அதை எங்கே தட்டினால் உயிர் வரும் என்பது சுசீலாவுக்குத்தான் தெரியும். பூகம்பக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் சிங்கப்பூர் சிநேகிதர் ஒருவர் வழியாக ஃபிளாப்பிகளில் வந்திருந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை, கேட்பது மரியாதையும் இல்லை.

பூகம்பத்தோடு போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில்தான் ஊரில் வாஸ்து ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. சமையலறையை இடித்துக் கக்கூஸ் கட்டினார்கள், கக்கூஸை இடித்துச் சமையலறை கட்டினார்கள். தபாலாபீஸில் ரிட்டயரான திருவேங்கடம் என்பவர் வாஸ்து நிபுணராக மறு அவதாரம் எடுத்திருந்தார். ஜம்புலிங்கம் அவரிடம் பிளானைக் காட்டினார். திருவேங்கடம் வடகிழக்கு மூலையில் விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

“ஈசானிய மூலை. தரையில பாரமே கூடாது. தூண் நிக்குதே! குடும்பத் தலைவருக்கு ஆகாதே.”

குடும்பத் தலைவர் அன்றைக்கே ராஜசேகரனிடம் ஓடினார். கீழ்த்தளம் ஸ்கூட்டர் நிறுத்துவதற்காகச் சுவர் இல்லாமல் வெறும் தூண்கள் மேல் நிற்கப்போகிற தளம். அதில் ஒரு மூலைத் தூணைத் தூக்கிவிடச் சொன்னார். ராஜசேகரன் இரண்டு தரம் யோசிக்கவில்லை. தூண் போனால் அவனுக்கு சிமெண்டும் மிச்சம், கம்பியும் மிச்சம். “சாமி காரியம் சார், எட்த்துட்லாம்” என்று பவ்யமாகச் சொன்னான்.

திருத்திய பிளான் சுசீலாவின் மேஜைக்கு வந்தது. கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுவது ஒரு கோலம் போடுவது மாதிரிதான். தூணுக்கு ஒரு கோடு, உத்தரத்துக்கு ஒரு கோடு, கோடுகள் சேரும் இடத்துக்கு ஒரு எண். எது எவ்வளவு கனம், எது தரையில் ஊன்றி நிற்கிறது என்று சொல்லிவிட்டால், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். மண்ணையும் சிமெண்டையும் அது கண்ணால் கண்டதில்லை. நாம் சொல்வதை அப்படியே நம்பும், பாவம்.

ஈசானிய மூலையில் தூண் இல்லாமல் சுசீலா கணக்கை ஓட்டினாள். மேலே இருக்கும் மாடிகளின் மூலை மொத்தமும் அந்தரத்தில் நின்றது. தாங்காது, தாங்காது என்று வரிசையாகச் சொன்னது கம்ப்யூட்டர். அவள் அதற்குக் கொடுத்துப் பார்த்தது சென்னைக்கு உண்டான சின்னப் பூகம்பம்தான். அந்த மூலையில், முதல் மாடியில், வருவது அவள் குழந்தை தூங்கப்போகிற அறை.

“சார், கீழே அந்தத் தூண் இல்லாம முடியாது” என்றாள் சண்முகசுந்தரத்திடம்.

“பார்ட்டி தூண் வேண்டாங்கிறாரே. பார்ட்டி யாரு? உங்க மாமனார்.”

“அவருக்குத் தெரியாம சொல்றார் சார்.”

சண்முகசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய முடிவுகளை எல்லாம் அவர் கண்ணாடி இல்லாமல்தான் எடுப்பார். “ரெண்டு பேரையும் திருப்திப்படுத்தணும்மா. சைட்டுல தூண் வேண்டாம், வாஸ்துவுக்கு ஆகாது. கம்ப்யூட்டர்ல தூணைப் போட்டுடு, கம்ப்யூட்டருக்கு ஏது வாஸ்து?”

“சார்!”

“மெட்ராஸ்ல பூகம்பம் வருமா? வராது. வராத பூகம்பத்துக்கு இல்லாத தூண் போதும்.”

சுசீலா சண்டை போட்டாள், கெஞ்சினாள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். விட்டால் இன்னொருத்தி வந்து அந்தக் கோட்டைப் போடப்போகிறாள். கடைசியில் போட்டாள். போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கம்ப்யூட்டர் உடனே சாந்தமாகி, எல்லாம் நலம் என்று கத்தை கத்தையாக அச்சடித்துத் தள்ளியது. சண்முகசுந்தரம் அதற்கு பைண்டு போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ராஜசேகரனிடம் கொடுத்தார்.

வீட்டில் ஜம்புலிங்கம் தரையில் கால் படாமல் நடந்தார். “வாஸ்துவும் பாஸ், கம்ப்யூட்டரும் பாஸ்!”

“மாமா, கம்ப்யூட்டர் தானா எதையும் சொல்லாது. நாம என்ன சொல்றோமோ…”

“உனுக்கு இன்னாத்துக்குமா கவல? மன்சன்தான் பொய் சொல்லுவான். கம்ப்யூட்டர் சொல்லுமா?”

பொய் சொன்ன மனுஷி தான்தான் என்று சொல்ல வாய் வராமல், சுசீலா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனால் இன்ஸ்பெக்‌ஷன்காரர் பேப்பரோடு விடுவாரா? டெஸ்ட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு பதிந்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு பூந்தமல்லிக்கு வந்து இறங்கினார்கள். ஹார்டுவேர் கடை மாடிப்படி முழுக்கச் செருப்பு. திருவேங்கடமும் வந்திருந்தார். ராஜசேகரன் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான்.

சுசீலா கட்டடத்தைத் திரையில் கொண்டுவந்தாள். பச்சைக் கோடுகளாகக் கட்டடம் நின்றது. ஒரு பட்டனைத் தட்டியதும் அது சாராயம் குடித்தவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடியது. அறைக்குள் ஒரே கூச்சல். ஒரு அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டாள்.

“பயப்படாதீங்க, கண்ணுக்குத் தெரியணும்னு ஆட்டத்தைப் பல மடங்கு பெருசாக்கிக் காட்டுது. நிஜத்துல இவ்வளவு ஆடாது” என்றாள் சுசீலா.

“அப்ப நிஜத்த காட்டும்மா!”

காட்டினாள். கட்டடம் அசையவே இல்லை. “ஸ்விட்ச் போட்டியா?” என்று கேட்டார் ஒருவர். போட்டாயிற்று என்று தெரிந்ததும் கை தட்டினார்கள். ராஜசேகரன், ஏதோ தானே பூகம்பத்தைக் கையால் பிடித்து நிறுத்தியவன் போலக் கும்பிட்டான்.

ஜம்புலிங்கம் மட்டும் கை தட்டவில்லை. திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

“இதுல வடக்கு எந்தப் பக்கம்?”

சுசீலா காட்டினாள்.

“அப்ப இது ஈசானிய மூல. இங்க இன்னாத்துக்குத் தூண் கீது?”

சண்முகசுந்தரத்துக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது. “அது… கம்ப்யூட்டர்ல மட்டும்தான் சார். சைட்டுல கிடையாது.”

புத்தி உள்ளவன் அடுத்து என்ன கேட்பான்? அப்படியானால் நீ ஆட்டிக் காட்டியது எந்தக் கட்டடத்தை என்று கேட்பான். ஜம்புலிங்கம் கேட்கவில்லை. அவருக்கு வேறு விதத்தில் பற்றிக்கொண்டு வந்தது.

“கம்ப்யூட்டர்ல மட்டும் தோஷம் இருக்கலாமா? இது எங்க ஊட்டுக்கு ஜாதகம் மாரி. இங்க தப்பா இருந்தா அங்க வெளங்குமா? எட்ங்க அத்த!”

“எழுத்தில் இருந்தாலும் பாரம் பாரந்தான்” என்று திருவேங்கடம் ஒத்து ஊதினார்.

“கரண்ட் போற நேரம்…” என்று இழுத்தார் சண்முகசுந்தரம்.

சுசீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் கெஞ்சி நடக்காத காரியத்தை மாமனாரின் மூடத்தனம் நடத்திக் கொடுத்துவிட்டது. யாரும் தடுப்பதற்குள் அந்த ஒரு கோட்டை அழித்துவிட்டுக் கணக்கை ஓட்டினாள். கம்ப்யூட்டர் யோசித்தது. ரோஸ்மில்க் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் காட்டிய அதே மடங்கில்தான் காட்டினாள். அப்போது எல்லாத் தூண்களும் சேர்ந்து ஆடி, சேர்ந்து நிமிர்ந்தன. இப்போது ஒரு மூலை மட்டும் கழன்ற தாடை மாதிரி கீழே தொங்கியது. பக்கத்தில் பிரின்டர் கரகரவென்று ஃபெயிலான உத்தரங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனது. நிற்கிற வழியாக இல்லை.

“தொங்குதே, அது யார் ஊடு?” என்றார் ஜம்புலிங்கம்.

“நம்ம வீடு மாமா.”

ராஜசேகரன்தான் முதலில் வாய் திறந்தான். “எட்த்ததால தானே தொங்குது? திருப்பி வெச்சிட்டா போச்சு.”

“எங்கே வைக்கிறது?” என்று கேட்டாள் சுசீலா. “இங்கயா, நூம்பல்லயா?”

இங்கே வைத்தாலே போதுமே, கை தட்டும்போது இங்கேதானே இருந்தது என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அதற்குத் தலையாட்டவும் நாலு பேர் இருந்தார்கள். ஜம்புலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தூண் வந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது, வராவிட்டால் குடும்பத்துக்கே ஆகாது. சுசீலா அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, ஈசானிய மூலையில சாமி இருக்கலாமா?”

“பேஷா இருக்கலாம். ஈசனோட மூலை ஆச்சே.”

“பிள்ளையார் வைக்கலாமா? பாரம் ஆகாதே?”

“சிவ சிவா! பிள்ளையாரைப் போய் யாராவது பாரம்னு சொல்லுவாளா?”

“அப்போ அங்கே பிள்ளையார் கோயில். அவருக்குப் பின்னால நிக்கிறது தூண் இல்லை, அவரோட முதுகுச் சுவர்.”

திருவேங்கடம் கண்ணை மூடினார். ஜம்புலிங்கம் கையைக் கூப்பினார். அறையே கன்னத்தில் போட்டுக்கொண்டது. தூண் மறுபடி முளைத்தது, இந்த முறை நூம்பலிலும் முளைப்பதாக. சுசீலா அதை முன்பைவிடக் கொஞ்சம் பருமனாகவே போட்டாள். தூணுக்கு முன்னால் தனியாக ஒரு சின்னப் பீடம், அதன் மேல் பிள்ளையார் என்று வரைபடத்தில் தெளிவாக வரைந்தும் கொடுத்தாள். கம்பி கட்டும்போது தானே சைட்டுக்குப் போய் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தாள். கான்க்ரீட் போட்ட அன்றைக்கு, இத்தனை நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் கர்வம் இருந்தது.

கட்டடம் வளர்ந்து முடிந்தது. ஜம்புலிங்கமும் ரிட்டயரானார். மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து எல்லோரும் ஒரே முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாக முடிவானது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று நடுவில் பல நாள் சைட் பக்கம் போக முடியாத சுசீலா, அன்று காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து இறங்கினாள். கேஸட்டில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. நாகம்மாள் பால் குண்டானோடு மேலே போய்விட்டிருந்தாள்.

சுசீலா நேரே ஈசானிய மூலைக்குப் போனாள். முன்னால் பீடத்தைக் காணோம். பிள்ளையார் தூணுக்குள் உட்கார்ந்திருந்தார்.

“எப்டி கீது மேடம்?” என்று ராஜசேகரன் பக்கத்தில் வந்து நின்றான். “முன்னாடி பீடம் கட்னா ரெண்டு ஸ்கூட்டர் வுட்ற எடம் போவுது. அதான் தூணையே கொடஞ்சி உள்ள குந்த வெச்சிட்டோம். கம்பிங்கோ குறுக்க வந்து நின்னுச்சி, அறுத்துட்டோம். ஆனா வேஸ்ட் பண்ல. அத்தோ பாரு, மீந்த கம்பில மணி கட்டிக்கீது.”

மணி அழகாகத்தான் இருந்தது. யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்து அடிக்கச் சொன்னார்கள்.

“தூணுக்குள்ளயே பூந்துகினாரு பாரு! இனிமே பூகம்பம் கிட்ட வருமா?” என்றார் ஜம்புலிங்கம், பட்டு வேட்டியும் சந்தனமுமாக.

“இதையும் ரிப்போர்ட்ல சேர்த்துடலாம் சார்” என்றார் விருந்துக்கு வந்திருந்த சண்முகசுந்தரம்.

சுசீலாவுக்குக் கோபத்தில் கண் இருட்டியது. ராஜசேகரன் மேல் பாதி, தன் மேல் பாதி. பிள்ளையாரைக் கூப்பிட்டவளே அவள்தான். இப்போது என்ன சொல்லி யாருக்குப் புரியவைப்பது? கணக்கைச் சொன்னால் கம்ப்யூட்டர் பாஸ் என்பார்கள். கம்பியைச் சொன்னால் பிள்ளையாரைக் காட்டுவார்கள். குழந்தையைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். தாம்பாளத்தில் இருந்த குங்குமத்தை அள்ளி, சொம்புத் தண்ணீரில் குழைத்தாள். தூணின் மேல் கை எட்டிய உயரத்திலிருந்து எதிர் ஓரத்துக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று.

“என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா சாமி தூண்ல பெருக்கல் குறி போடறே?” என்றார் திருவேங்கடம்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. மெதுவாகத் தூணருகே வந்து குனிந்தார். பிள்ளையாரின் காதுக்குப் பின்னால் விரலை விட்டு, அறுபட்ட கம்பியின் நுனியைத் தடவினார். இன்னொரு கம்பி. அதற்கடுத்தது. கான்க்ரீட்டில் உளி பாய்ந்து பிளந்திருந்த இடத்தில் நகத்தை வைத்து, மேல்வரை இழுத்துக்கொண்டே போனார். அத்தனை காலம் தொழிற்சாலையில் பார்த்த பார்வையை அவர் அந்தக் கட்டடத்தின் மேல் பார்த்தது அதுவே முதல் தடவை.

நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். “ரிஜெக்டா?”

“ரிஜெக்ட் மாமா.”

“டேய், அத்த தொடச்சி வுடுங்கடா, பார்ட்டிங்க வர்ற நேரம்” என்று ராஜசேகரன் ஆளை ஏவினான். ஒருவன் ஈரத்துணியோடு வந்தான். ஜம்புலிங்கம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கிழவருக்கு இவ்வளவு பிடி இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“குறி வுயுந்தத எவன்டா தொடைக்கிறது?”

பிறகு மாடிப்படியைப் பார்த்து, நாதஸ்வரத்தையும் மீறிக் கத்தினார்.

“நாகு! அடுப்ப அணை! பால் பொங்கறதுக்குள்ள கொழந்த சாமானெல்லாம் எட்த்துகினு கீழ எறங்கு!”